லோயர் சிவபாதம் என்று எழுதிக் கொடுத்தவர்

ராசன் அண்ணை இறந்துவிட்டார். நேற்றுக் காலை. வாட்ஸ்அப் குழுவில்தான் பார்த்தேன்.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் தமிழ்க்கடை வைத்திருந்தவர். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு அவர் கடைக்காரர் மட்டும் இல்லை. லோயர் லைசென்ஸ் எடுத்து, ஒரு வாடகை அறையில் போனைப் பார்த்துக்கொண்டு இருந்த முதல் வருடம்... எனக்கு வழக்கு அனுப்பிய ஒரே மனிதர்.

பெண் வழக்கறிஞர்களுக்கும் வழக்குகள் போய்ச் சேர வேண்டும் என்று ஒஸ்லோவில் கூட்டங்கள் நடக்கும். போயிருக்கிறேன். காப்பி, கேக், கைதட்டல். பிறகு தனியாக வீட்டுக்கு, ஹொல்ம்லியா ரயில்.

வழக்கு வந்தது கடையிலிருந்து.

"நல்ல லோயர் ஒருத்தரைச் சொல்லுங்கோ அண்ணை" என்று சனம் கேட்டால், பில் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பார். லோயர் சிவபாதம். கீழே என் நம்பர்.

சிவபாதம் என் அப்பாவின் பெயர். இங்கே பிறந்த எங்களுக்கு அதுதானே குடும்பப் பெயர்.

முதலில் வந்தவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவர். கதவைத் திறந்த என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"அப்பா இல்லையோ பிள்ளை?"

"அப்பா பஸ் ஓடுறார். லோயர் நான்தான்."

ஜாக்கெட்டைக் கழற்றாமலே முழுக் கதையும் சொன்னார். வேறு சிலர் வாசலோடு திரும்பினார்கள்.

கோபத்தோடு கடைக்குப் போனேன். "பொம்பிளை எண்டு சொல்லி அனுப்புங்கோ அண்ணை."

"சொன்னால் வராயினம் பிள்ளை. கதவடிக்கு நான் அனுப்புறன். பிறகு உன்ர கெட்டித்தனம்."

சிரித்தார். என் பையில் ஒரு பிடி கறிவேப்பிலையைப் போட்டார். நானும் சிரித்தேன்.

போன இலையுதிர் காலம், நீதிமன்ற நடைபாதையில் அவரைக் கண்டேன். கோட் சூட்டில். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட உரிமையாளர் போட்ட வழக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்தில் அவருடைய லோயர். நரைத்த, உயரமான நோர்வேஜிய ஆண்.

என் கையில் கறுப்பு அங்கி. அண்ணை அதைப் பார்த்தார்... பிறகு நிலத்தை.

"பிள்ளை... இது பெரிய வழக்கு."

"ஓம் அண்ணை."



அதற்குப் பிறகு நான் ட்வெய்ட்டாவில் இறங்கவில்லை. கறிவேப்பிலை வேறு கடையில் வாங்கினேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அம்மா சொன்னபோது, ஞாயிறு போகலாம் என்று நினைத்தேன். இரண்டு ஞாயிறு போயிற்று.

இன்று மதியம் ஒரு பெண் அழைத்தார்.

"என்ர ரெண்டு பிள்ளையளையும் மனுசன் தன்னோட வச்சிருக்கப் போறாராம். பெரிய வழக்கு, தங்கச்சி. ராசன் அண்ணையைப் பாக்கப் போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனனான். அங்க வச்சுத்தான் எழுதித் தந்தவர்."

"என்னெண்டு எழுதினவர்?"

துண்டைத் தேடும் சத்தம்.

"லோயர் ஆரணி. பொம்பிளைப்பிள்ளைதான், அவவிட்டையே போ எண்டவர்... நீங்கள்தானே?"



"ஓம். நான்தான்."

வியாழக்கிழமை வருகிறார்.

போயிட்டு வாங்கோ அண்ணை. துண்டு கிடைத்தது.