சந்தேகம் இருந்தால் இல்லை என்று சொல்

மெயின்ஃப்ரேமுக்குக் கெர்னல் கட்டுவது என்பது, கம்ப்யூட்டர் கேள்விமேல் கேள்வி கேட்க, நாம் 'உண்டு', 'இல்லை' என்று பதில் சொல்லிக்கொண்டே போகிற வேலை. நான் எங்கேயோ ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன், எந்தக் கேள்வி என்று தெரியவில்லை, எதிரே குருக்கள் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

இந்த வேலையில் மாட்டியவர்களுக்கு அந்த நிலைமை தெரியும். மாட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெயின்ஃப்ரேம் என்பது பெரிய பேங்குகளில் இருக்கிற, பீரோ சைஸ் கம்ப்யூட்டர். கெர்னல் என்பது அதற்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற புரோகிராம். திருவண்ணாமலையில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் மெயின்ஃப்ரேம் கிடையாது. மெயின்ஃப்ரேம் மாதிரி வேஷம் கட்டுகிற ஒரு சாஃப்ட்வேரை, மெட்ராஸிலிருந்து வந்த வாத்தியார் ஒருத்தர் சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ப்ளஸ் டூ கணக்கில் ஊத்திக்கொண்டு, ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போக வேண்டியவனான நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலை என்கிற விவசாயி தன் மகள் கலைச்செல்வியோடு வருவதாக ஏற்பாடு. மெயின்ஃப்ரேமைக் கண்ணால் பார்த்துவிட்டால், டீச்சர் ட்ரெயினிங்கில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு அந்தப் பெண் எங்கள் கோர்ஸில் சேரும். பார்க்காவிட்டால் கோர்ஸே கிடையாது, வேறு யாரும் சேரவில்லை. அவர் கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று சார் எனக்குக் காலையிலேயே சொல்லியிருந்தார்: "இருக்குன்னு சொல்லு. வேற வாயே தொறக்காத. தொறந்தே, நாளைக்கு ரைஸ் மில்லுதான்."

கெர்னலுக்கு என்ன நட்சத்திரம்

சார் என்றால் சென்டர் முதலாளி. அதற்கு முன்பு தேரடித் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 'மெயின்ஃப்ரேம் லேப்' திறப்புக்குக் குருக்களைக் கூப்பிட்டது அவர்தான். குருக்கள் மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கெர்னல் பானிக்' என்று கடைசி வரி. செத்துப்போச்சு என்று அர்த்தம். "கெர்னல்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"கர்னலா? மிலிட்டரியா? நட்சத்திரம் என்ன?" என்றார் குருக்கள். தெரியாது சாமி என்றேன். அவர் குனிந்து திரையைப் படித்தார். அவருக்கு இங்கிலீஷ் வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. "பானிக்னு போட்டிருக்கே?" என்றார். "அது அவங்க குடும்பப் பேரு சாமி" என்றார் சார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். குருக்கள் தட்டை ஒரு சுற்று சுற்றி எனக்கு நீட்டினார். "கர்னலே பயந்துட்டார்னா அப்புறம் பட்டாளம் என்னத்துக்குப்பா ஆகும்?"

எல்லாத்துக்கும் Y

இந்தக் கூத்து ஆரம்பித்தது சில வாரங்களுக்கு முன்னால். கெர்னல் கட்டும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஓர் எழுத்து அழுத்தினால் போதும். Y என்றால் உண்டு, N என்றால் இல்லை. டேப் டிரைவ் இருக்கிறதா? ஒன்றுக்கு மேல் பிராசசர் இருக்கிறதா? பக்கத்து மெயின்ஃப்ரேமோடு பேசுகிற கார்டு இருக்கிறதா? கேள்வி புரியாவிட்டால் கேள்விக்குறியை அழுத்தலாம். ஒரு பக்கத்துக்கு விளக்கம் வரும், அதுவும் புரியாது. ஆனால் பெரும்பாலும் கடைசி வரியில் மட்டும் தெளிவாகப் போட்டிருக்கும்: சந்தேகம் இருந்தால் N என்று சொல். இத்தனை நியாயமான யோசனையை எனக்கு எந்த ஸ்கூல் வாத்தியாரும் சொன்னதில்லை. நான் N, N, N என்று அழுத்திக்கொண்டே போனேன்.

சார் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டார். N என்றால் என்ன என்று கேட்டார். இல்லைன்னு அர்த்தம் சார் என்றேன். ஆள் ஆடிப்போய்விட்டார். மளிகைக் கடைக்காரர் வாயில் 'இல்லை' வரக்கூடாதாம். உப்பு தீர்ந்தால் 'வருது' என்பாராம், அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்பாராம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் Y அழுத்த வைத்தார். பக்கத்து மெயின்ஃப்ரேமுக்குக்கூட. "நாளைக்கு இன்னொண்ணு வாங்கமாட்டமா? போடுறா Y." கம்ப்யூட்டர் மத்தியானம் வரைக்கும் முக்கிவிட்டு, திரை முழுக்க எர்ரராகக் கக்கி நின்றது. இல்லாததை எல்லாம் இருக்குன்னு சொன்னதால நின்னுடுச்சு சார் என்றேன். "அதெப்புடிடா? இருக்குன்னு சொல்லி எவனாவது கெட்டுப்போயிருக்கானா?"

வருது

அந்த மாதப் பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டம் பகலிலேயே தெருவை அடைத்துக்கொண்டது. எல்லா லாட்ஜிலும் மோட்டார் ஓடியதில் எங்களுக்கு வோல்டேஜ் கம்மி. கெர்னல் கட்டக் கட்ட, கம்ப்யூட்டர் பாதியில் அணைந்து அணைந்து எழுந்தது. அந்த நேரத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் கொஞ்சம் பேர் படியேறி வந்து, இங்கே பாத்ரூம் இருக்கா என்றார்கள். எங்கள் சென்டரில் பாத்ரூம் கிடையாது. நானே எதிர் லாட்ஜுக்குத்தான் போவேன். சார் சிரித்த முகமாக, "வருதும்மா, உக்காருங்க" என்றார். பாவம், நம்பி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஃபேன் காற்று வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த ஒரு அம்மா கடைசியில் எழுந்தார். "ஏன் சார், எங்க ஊர்ல நாங்கதான் பாத்ரூமுக்குப் போவோம், உங்க ஊர்ல அது நடந்து வருமா?"

மெயின் போட்டோ

அதே பௌர்ணமியன்றுதான் ஏழுமலை முதன்முதலில் வந்தார். வாசல் போர்டில் 'மெயின்ஃப்ரேம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அவர் கையில் சுருட்டிய பெரிய போட்டோ. விரித்துக் காட்டினார். பள்ளிக்கூட மேடையில் ஒரு பெண் கேடயம் வாங்குகிறது. "எம் பொண்ணுங்க. ஸ்கூல்லயே ஃபர்ஸ்ட். வீட்ல சின்னச் சின்ன போட்டோ நெறைய இருக்கு, இதுதான் மெயினு. அதான் மெயின் ஃப்ரேமே போட்டுடலாம்னு. ஓரத்துல பூ டிசைன் வேணாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சார் போட்டோவை வாங்கிக்கொண்டார். "போட்டுடலாம்ணே. பொண்ணு இப்ப என்ன பண்ணுது?" என்று ஆரம்பித்தவர், அவரை அனுப்பும்போது எங்கள் கோர்ஸைப் பாதி விற்றிருந்தார். அப்புறம் அந்தப் போட்டோவை இரண்டு கடை தள்ளி, படத்துக்கு ஃப்ரேம் போடுகிற கண்ணாடிக் கடை பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். விஷயம் பரவி, ஆளாளுக்கு சாமி படம், கல்யாணப் படம், மாமனார் படம் என்று எங்களிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். சார் ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. உண்மையைச் சொன்னால், சென்டரில் ஒழுங்காக நடந்த ஒரே தொழில் அதுதான். பாய் ஒருநாள் நேரில் வந்துவிட்டார். "இன்னா சார் இது, நீங்க மெயின் ஃப்ரேமு, நான் சைடு ஃப்ரேமா?"

பீரோ சாவி

திறப்பு விழாவுக்கு முந்தின நாள்தான் நான் M-ஐக் கண்டுபிடித்தேன். Y-யும் இல்லாமல் N-உம் இல்லாமல் மூன்றாவதாக ஓர் எழுத்து உண்டு. M அழுத்தினால், அந்தச் சமாச்சாரத்தைக் கெர்னலுக்குள் வைக்காமல் டிஸ்க்கில் தனியாக வைத்துக்கொள்ளும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அதாவது 'வருது'. சாரிடம் சொன்னேன். கணக்கில் நூறு வாங்கியிருந்தால்கூட என்னை யாரும் அப்படித் தட்டிக்கொடுத்திருக்கமாட்டார்கள். கிடைத்த இடத்திலெல்லாம் M போட்டேன். எர்ரரே வரவில்லை. அந்தக் கெர்னல்தான் மறுநாள் குருக்கள் எதிரே செத்தது.

குருக்கள் போனபிறகு உட்கார்ந்து தேடினேன். டிஸ்க்கைப் படிக்கிற சமாச்சாரத்துக்கும் M போட்டிருக்கிறேன். அது டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கைப் படித்தால்தான் அதை எடுக்க முடியும். அது இருந்தால்தான் டிஸ்க்கைப் படிக்க முடியும். "என்னடா சொல்ற?" என்றார் சார். "பீரோ சாவியை பீரோவுக்குள்ளயே வச்சுப் பூட்டின மாதிரி சார்" என்றேன். சாருக்கு ஏதோ புரிந்த முகம். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. அதில் ஒரு பழைய இரும்பு பீரோ. கூடவே வீதி அலங்காரத்துக்குப் போடுகிற சீரியல் லைட் ஒரு சுருள். மெயின்ஃப்ரேமுக்கு உருவம் வந்துவிட்டதாம். உள்ளே கம்ப்யூட்டரை வைத்து, முன்னால் லைட்டை மினுக்கவிட்டால் தீர்ந்தது. சார், நான் சொன்னது உதாரணத்துக்கு என்றேன். "நீதானடா பீரோன்னு சொன்ன? பேசாம அந்தப் பக்கம் புடி."

இருக்கா, இல்லியா

கம்ப்யூட்டர் பீரோவுக்குள் நுழையவில்லை, மானிட்டர் இடித்தது. அதனால் பீரோ தனியாக மினுக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து மேசையில் நான் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். அப்போது ஏழுமலையும் கலைச்செல்வியும் வந்தார்கள். அவர் கையில் சாருக்காக ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பீரோவைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். சார் பேங்க், அமெரிக்கா என்று ஏதேதோ சொன்னார். அந்தப் பெண் பீரோ கைப்பிடியைத் திருகித் திறந்தது. "அப்பா, மெயின்ஃப்ரேம்ல அந்துருண்டை வாசனை வருது."

"அது கூலிங் சிஸ்டம்மா" என்றார் சார். ஏழுமலை அவர் பக்கமே திரும்பவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார். "தம்பி, நான் பம்புசெட்டு வாங்கினாலே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். இது எம் பொண்ணு. திங்கட்கிழமை போய்ச் சேரலைன்னா அந்த டீச்சர் சீட்டு போயிடும். நீதான் தெனமும் இதும் மேல உக்காந்திருக்க. மெயின்ஃப்ரேமு இங்க இருக்கா, இல்லியா?" அவர் தோளுக்குப் பின்னால் சார் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார், கழுத்தே சுளுக்கிக்கொள்ளும் போல. கலைச்செல்வி என்னைப் பார்த்தது. சத்தியமாக எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரைஸ் மில் மூட்டை என் முதுகிலேயே ஏறிவிட்டது. திரையைப் பார்த்தேன். ஏதோ ஒரு கேள்வி, புரியாத விளக்கம், கீழே அதே கடைசி வரி.

"இல்லீங்க" என்றேன்.

சீரியல் லைட் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சார் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அடுத்த வார்த்தை வந்திருக்காது. "சரி" என்றார் ஏழுமலை. "எம் பொண்ணு படம் குடுத்தனே, ஃப்ரேம் போட்டது, அதாவது இருக்கா?" அது இருந்தது. பாய் அன்று காலையில்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார், ஓரத்தில் பூ டிசைன் இல்லாமல். எடுத்துக் கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மகள் வெட்கப்பட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனது. மல்லாட்டை மூட்டையைச் சாரிடம் கொடுக்காமல் என் மேசையில் வைத்துவிட்டு, படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இது போதும் தம்பி. இதான் மெயினு."

அவர்கள் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுவதற்குள் ஓடிப்போய் 'இருக்கு' என்று சொல்லிவிட்டு வரச் சொல்லிச் சார் கத்தினார்; நான் மல்லாட்டையை உரித்துத் தின்றபடி, டிஸ்க்குக்கு மட்டும் Y, மீதி எல்லாவற்றுக்கும் N என்று அழுத்திக்கொண்டிருந்தேன்.