ஆறாவது விரல்

ஜெயசித்ரா ஒரு மாப்பிள்ளையின் இரட்டைத் தாடையைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். வலது கை மவுஸில். இடது கையில் பாதி கடித்த முறுக்கு. “செத்த நேரம் ஆடாம இருங்க மாப்ளே, முடிஞ்சிருச்சு” என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சொல்கிறார். போட்டோவில் இருப்பவர் எப்படி ஆடுவார் என்று கேட்டால், “சொல்லி வைக்கிறது நல்லதுதான” என்பார்.

இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது அவருடைய பேனர் கடை. ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. “எந்த எழுத்துல போடுறதுன்னு பதினோரு வருசமா யோசிக்கேன். முடிவாகல.”

வயது நாற்பத்தாறு. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்து, பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர். லேபிள் அடிக்கக் கம்ப்யூட்டர் வந்த அன்று அதன் பக்கத்தில் போய் நின்றார். பிறகு மடிப்பு மேசைக்குத் திரும்பவே இல்லை.

எழுத்துருக்களுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு வளைந்து நெளியும் எழுத்து ‘சின்ன மருமக’. கட்சிக்காரர்கள் கேட்கும் தடித்த எழுத்து ‘மைக் செட்டு’. கண்ணீர் அஞ்சலிக்கு ‘பெரியப்பா’. போனில் வந்த வாசகத்தைப் பழைய எழுத்துருவில் ஒட்டினால் சில நேரம் ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டு விலகி நிற்கும். “கொம்பு கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு” என்று சொல்லி, அதைச் சமாதானப்படுத்திக் கூட்டிவந்து எழுத்தோடு சேர்ப்பார். பருவை எடுப்பார், முடி வைப்பார், சட்டை மாற்றுவார். நிறத்தை மட்டும் தொடமாட்டார். “வீட்டுக்குப் போனா ஆளு அடையாளம் தெரிய வேண்டாமா?”

போன ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் யோகேஸ்வரி தன் கல்யாண பேனருக்காக வந்தாள். மாப்பிள்ளை முத்துப்பாண்டி ராணுவத்தில் இருக்கிறார். விடுப்புக் கிடைக்காததால் பெண் பார்க்க அவருடைய அம்மாவும் அண்ணனும்தான் வந்தார்கள். மற்ற பேச்செல்லாம் வீடியோ காலில். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் அவர் ரயிலில் வந்து இறங்குவார். ஆனால் பேனரில் இருவரும் ஜோடியாக நிற்க வேண்டும். அதுவும் அய்யனார் கோவில் அருவி முன்னால்.

இருவர் படத்தையும் ஜெயசித்ரா ஏஐ செயலியில் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் அருவி கொட்டியது, சாரல் எழுந்தது, மாப்பிள்ளையின் கை பெண்ணின் தோளில் வந்து உட்கார்ந்தது. யோகேஸ்வரி வெட்கத்தில் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முத்துப்பாண்டி வரவேண்டிய நாளன்று காலையில் பேனரைத் தெருமுனையில் கட்டினார்கள். எதிரே தண்ணீர்க் குழாயில் குடம் நிறையும்வரை நின்ற யோகேஸ்வரியின் அத்தை வெள்ளத்தாய், பொழுது போகாமல் மாப்பிள்ளையின் விரல்களை எண்ணினார். ஆறு வந்தது. குடம் வழிந்தது. மறுபடியும் எண்ணினார். ஆறுதான்.

யோகேஸ்வரி வீட்டிலிருந்து கடைக்குப் போன் வந்தபோது, எங்கள் நூலக ஆண்டுவிழா பேனருக்காக நானும் அங்கே இருந்தேன். ஜெயசித்ரா படத்தைத் திறந்து பெரிதாக்கினார். “மூஞ்சிய நூறு தடவ பாத்தேன். எழுத்த இருநூறு தடவ பாத்தேன். வெரல யாரு பாப்பாக?” என்றார். கடையைப் பூட்டினார். இருவரும் டவுன் பஸ் ஏறினோம்.

யோகேஸ்வரி வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. “மறைச்சுட்டாக” என்றார் அவளுடைய அப்பா பேச்சிமுத்து. “மாப்ள கைய நேர்ல பாக்காம பந்தலுக்குக் கால் நட மாட்டேன்.” முத்துப்பாண்டியின் போன் ரயிலில் அணைந்து கிடந்தது. அவருடைய அம்மாவைக் கேட்டால், என் மகனுக்கு அஞ்சு விரல்தான் என்றாராம். மறைக்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள் என்பது வெள்ளத்தாயின் வாதம்.

“நீயாவது பாத்தியாட்டி?” என்று அத்தை யோகேஸ்வரியைக் கேட்டார்.

“போன்ல மூஞ்சியப் பாத்துப் பேசுவேனா, வெரல எண்ணிக்கிட்டு இருப்பேனா?” அவள் குரல் உடைந்திருந்தது.

ஜெயசித்ரா நடுவில் போய் நின்றார். “அவிய அனுப்புன போட்டோவுல கையே இல்ல. நெஞ்சோட முடிஞ்சிருச்சு. இது கம்ப்யூட்டர் தானா வரைஞ்ச கை. சில நேரம் வெரல் கூடிப்போகும்.”

வெள்ளத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். “கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதுன்னு எங்ககிட்டயே சொல்லுதியா?”

நியாயமான கேள்விதான். ஜெயசித்ரா போனை எடுத்து வெள்ளத்தாயைப் படம் பிடித்தார். அருவி முன்னால் கை கூப்பி நிற்பதுபோல் செயலியிடம் கேட்டார். வந்தது, இரண்டு கையிலும் அப்பழுக்கில்லாத ஐந்து விரல். குடத்தோடு நிற்பதுபோல் கேட்டார். அதிலும் ஐந்து. தெரு எட்டிப் பார்த்தது. ஜெயசித்ராவின் மூக்கு நுனியில் வியர்வை நின்றது. “ஒழுங்கா இருக்க ஒனக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதாக்கும்” என்று போனைத் திட்டினார்.

மூன்றாவதாக, யானை மேல் உட்கார வைத்தார். இடது கையில் நாலு விரல், வலது கையில் ஏழு. யானைக்கு இரண்டு தும்பிக்கை.

முதலில் சிரித்தது யோகேஸ்வரி. கன்னத்தில் கண்ணீர் காயாமலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சிரித்தாள். போன் கைமாறிக் கைமாறித் தெருக்கோடி வரை போய்வந்தது. கடைசியில் வாங்கிய வெள்ளத்தாய் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“வெரலு கெடக்கட்டும். இந்தக் கம்மல் எனக்கு எடுப்பா இருக்கு. இத அனுப்பிவிடு.”

அதன் பிறகு அங்கே கல்யாணப் பேச்சே இல்லை. ஒருவருக்கு விமானம் வேண்டியிருந்தது, ஒருவருக்குப் பனிமலை. பஞ்சாயத்து பேச வந்திருந்த பெரியவர் ஒருவர் படத்தில் புலியோடு நடந்தார். பேச்சிமுத்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, ஜெயசித்ராவின் காதருகே குனிந்தார். “குதிர மேல ஒண்ணு. பின்னால எங்க வீட்டம்மாவும் இருக்கணும். சத்தமில்லாம போடும்மா.” மூன்று கடிவாளம் பிடித்த பேச்சிமுத்து தயாரானார். ஆட்களை விட்டுப் பந்தல்கால் நடச் சொல்லிவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கும் சாயங்காலம் ரயிலடிக்கு நானும் வாரேன்” என்றார் வெள்ளத்தாய்.

எல்லாரும் போனோம். ரயில் நின்றதும் முத்துப்பாண்டி ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் பையுமாக இறங்கினார். இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. “வாங்க மாப்ளே” என்று எல்லாரும் சொன்னார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவர் பெட்டியையும் பையையும் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

நான் ஜெயசித்ராவைத் தேடினேன். கூட்டத்துக்குப் பின்னால், தூணை ஒட்டி நுனிக்காலில் எக்கி நின்றிருந்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.