அடிக்கு முந்திய ஜெபம்

என் அப்பா கோபத்தில் ஒரு தடவைகூட என்னை அடித்ததில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே, "கொடுத்து வச்சவ லா நீ" என்பார்கள். பொறுங்கள், முழுசாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். கோபம் வந்தால் அப்பா அடிக்க மாட்டார். கோபம் அடங்குகிற வரைக்கும் காத்திருப்பார். அடங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் முழங்கால் போடச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு, அப்புறம்தான் அடிப்பார்.

எங்கள் சபையின் முறை அது. மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகிற சாலையில், ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடியில் இருந்தது சபை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ரப்பர் தோட்டத்து ஆட்கள். நான் நடக்கப் பழகிய காலத்தில் அப்பாவும் அம்மாவும் அங்கே போக ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் அப்பா குடிப்பாராம். சபைக்குப் போனதும் குடியை விட்டார், சிகரெட்டை விட்டார், லாட்டரி நம்பர் வாங்குவதை விட்டார். அந்த நன்றி அவருக்கு இன்னும் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. குடிக்காத அப்பா கிடைத்தது எனக்கும் லாபம்தான்.

வருஷத்தின் முதல் ஞாயிறன்று பிள்ளை உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு ரோத்தானைச் சபைக்கு எடுத்துப் போக வேண்டும். அதே ரோத்தான்தான், மளிகைக்கடையில் கொத்தாகத் தொங்குமே, பச்சையும் சிவப்புமாக பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட மெல்லிய பிரம்பு. பாஸ்டர் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபிப்பார். பிள்ளைகள் நாங்கள் முன்வரிசையில் நின்று கைதட்டிப் பாடுவோம். எங்களை அடிக்கப்போகிற கம்புக்கு நாங்களே பாட்டுப் பாடினோம் என்றால் நம்புவீர்களா? பாடினோம். நல்ல சத்தமாகவே பாடினோம்.

வீட்டில் நடப்பதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. நான் ஏதாவது செய்துவிட்டால் அப்பா கத்த மாட்டார். "சாயங்காலம் பேசலாம்" என்பார். அவ்வளவுதான், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "வாம்மா, ஜெபம் பண்ணலாம்" என்பார். ரோத்தானை நான்தான் எடுத்துவர வேண்டும். நாற்காலிமேல் அதை வைத்துவிட்டு இரண்டு பேரும் முழங்கால் போடுவோம். என் தப்பைக் கர்த்தரிடம் அப்பா விலாவாரியாகச் சொல்வார். அவர் முடித்ததும் நான் 'ஆமென்' சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் அடி விழாது. பிள்ளை தானே சம்மதித்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சபையின் சட்டம். ஒரு முறை வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன். அப்பா கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் முதலிலிருந்து ஜெபிக்க ஆரம்பித்தார். முழங்கால் மரத்துப்போய், இதற்கு அடியே தேவலாம் என்று நானே ஆமென் சொன்னேன். கெண்டைக்காலில்தான் அடி. முடிந்ததும் "ஸ்தோத்திரம்பா" என்று சொல்லி நான் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டு மாமா குடித்துவிட்டுப் பிள்ளைகளை பெல்ட்டால் அடிப்பார். அங்கே அடி விழுந்தால் லயமே ஓடிவரும். "விடுய்யா, புள்ள செத்துரும்" என்று நாலு பொம்பளைகள் நடுவில் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டிலிருந்து வெளியே கேட்பதோ ஜெபம். யார் வருவார்கள்? அம்மாகூட வரமாட்டார். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தக் குழாயைப் பற்றி நன்றாகக் கேட்டிருப்பேன்.

வேலைக்குப் போனதும் நான் சபையை விட்டுவிட்டேன். ஓர் இந்துவைக் கட்டிக்கொண்டேன். அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. பேத்தி பிறந்த பிறகுதான் வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கினதும் ஆள் அப்படியே கரைந்துபோனார். அதற்குப் பிறகு வாராவாரம் வந்தார். அம்மா போனதும் தனியாளாகிவிட்டார். தோட்டத்தை மூடியபோது கிடைத்த தாமான் குடியிருப்பு வீட்டில், வாசலில் நாலு மிளகாய்ச் செடியோடு இருக்கிறார். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. எனக்கு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை, வீட்டுக்காரருக்கு லோரி ஓட்டம். தமிழ்ப்பள்ளி விட்டதும் மகள் தாத்தா வீட்டுக்குப் போய்விடுவாள், வேலை முடிந்து நான் போய்க் கூட்டிவருவேன். இந்த ஏற்பாடு ஆரம்பித்த அன்றே சொல்லிவிட்டேன்.

"அப்பா, இவள அடிக்கக்கூடாது."

"பாத்துக்கிறேம்மா" என்றார். அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு நாள் தொழிற்சாலையில் மெஷின் நின்றுவிட்டது. சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உள்ள போய்ப் பாரு. தாத்தாவும் பேத்தியும் என்னா அழகா முட்டி போட்டு சாமி கும்புடறாங்க. இந்தக் காலத்துல எந்தப் புள்ள இப்பிடி இருக்கு?" என்றார்.

கம்பிக்கதவு வழியாகப் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கைப்பேசியில் படம் எடுத்திருப்பார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண்ணை மூடி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள், பள்ளிச் சீருடையோடு, கை கூப்பி. அவளுடைய கால்விரல்களைப் பார்த்தேன். தரையில் அழுத்தி மடங்கியிருந்தன. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. நாற்காலிமேல் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஆமென் சொல்லாத!" என்று கத்தினேன். "பாப்பா, ஆமென் சொல்லாத! எந்திரி!"

பக்கத்து வீட்டு அக்கா துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து ஆமென் சொல்லாதே என்று கத்துகிறாளே, இவளுக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்! கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் மகளைத் தூக்கி நிறுத்தினேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். "ஜெப நேரத்துல இப்பிடிச் சத்தம் போடலாமாம்மா?"

"ஜெபமா இது? அந்த ரோத்தான் யாருக்கு? ஆண்டவருக்கா?"

"பொய் சொல்லிட்டாம்மா. சோத்தப் பூனைக்குப் போட்டுட்டு, சாப்பிட்டேன்னு சொல்றா. சின்ன வயசுலயே திருத்தலன்னா பெருசானா நம்ம பேச்ச கேக்குமா?"

"சோறு வேணாம்னு சொல்ல பயந்துகிட்டுப் பொய் சொல்லியிருப்பா. பயந்தா பொய்தான் வரும். உங்ககிட்ட நான் சொல்லாத பொய்யா? மழ பேஞ்சாப்ல கொட்டியிருக்கேன். அடிச்சு ஒன்னாவது திருந்துச்சா?"

அப்பா நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். அவருக்கு முழங்கால் வலி. எழுந்து நின்றவர், ரோத்தானைத் தொடாமல், என்னைப் பார்த்துப் பேசினார்.

"எங்கப்பாகிட்ட நான் வாங்கின அடி ஒனக்குத் தெரியாது. நான் சொன்னதில்ல. சாராயத்தக் குடிச்சிட்டு வருவாரு. கையில எது கெடைக்குதோ அதால போடுவாரு. பால் வெட்டற கத்தியத் தூக்கிட்டு ஓடி வந்திருக்காரு. எதுக்கு அடிக்கிறாருன்னே தெரியாது. நான் அப்பிடியா அடிச்சேன்? கோவமில்லாம, காரணம் சொல்லி, ஜெபம் பண்ணி, அடிச்சப்புறம் கட்டிப் புடிச்சு... ஒன்ன நான் எப்பிடி வளத்தேன்னு எனக்குத் தெரியும்மா."

இத்தனை வருஷத்தில் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இந்த மனுஷன் எனக்கு நல்லது செய்ததாகவே நினைத்திருக்கிறார். தனக்குக் கிடைத்ததைவிட எவ்வளவோ மேலான ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். பாவமாக இருந்தது, மறைக்கவில்லை. அந்தக் கத்திக்குப் பயந்து ஓடிய பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். அதற்காக என் மகளுடைய காலை அவரிடம் நீட்ட முடியுமா?

"அப்பா, ஒங்கப்பா பண்ணதுல பாதிய நீங்க நிறுத்துனீங்க. மீதிப் பாதிய நான் நிறுத்துறேன். அவ்ளோதான் விஷயம்."

"நான் சபையில மூப்பர்மா. வீட்டுப் பிள்ளைய கண்டிக்காதவன் சபையில திருவிருந்து குடுக்கிற பாத்திரத்தத் தொடக்கூடாது. பாஸ்டர் கேட்டா என்னா சொல்லுவேன்?"

"என் பேரச் சொல்லுங்க. மக விடமாட்டேங்கிறான்னு சொல்லுங்க. பாத்திரமா பேத்தியான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இவ இங்க வரமாட்டா."

மகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் வரும்போது, திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்: "தாத்தா இதுக்கு முன்ன அடிச்சிருக்காரா?"

என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெகுதூரம் போன பிறகு சொன்னாள்: "அடிச்சப்புறம் தாத்தா அழுவாரும்மா. நான்தான் கண்ணு தொடச்சு விடுவேன்."

மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டேன். நானும் துடைத்துவிட்டிருக்கிறேன். அடி வாங்கியது நான், ஆறுதல் சொன்னதும் நான். பாவாடை நுனியால் அப்பாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாதீங்கப்பா" என்று சொல்லியிருக்கிறேன். அன்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தேன். அந்த வேலை இப்போது என் மகள் கைக்கு வந்திருக்கிறது. சாலையோரத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். அவள் உடனே என் முகத்தைத் துடைக்க வந்தாள். "வேணாம் பாப்பா. அம்மா அழுதா அம்மாவே தொடச்சுக்குவேன்" என்றேன்.

வீட்டுக்காரர் பகல் ஓட்டத்தை மாற்றிக்கொண்டார். மகளைப் பள்ளியிலிருந்து அவரே கூட்டிவந்தார். சபையிலிருந்து இரண்டு சகோதரிகள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் மனம் உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். கோப்பி கலக்கிக் கொடுத்தேன். அவர்கள் ரோத்தானைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது, "கோப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் மகள் தாத்தாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு அவர்மேல் உயிர். தான் போகாததால் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று கவலைப்பட்டாள்.

பள்ளி விடுமுறை தொடங்கியபோது அப்பா கூப்பிட்டார். "பாப்பாவைப் பாக்கணும்போல இருக்கும்மா" என்றார்.

"வாங்க. இங்க வாங்க. நாங்க எல்லாரும் இருக்கிறப்ப வாங்க. சாப்புட்டுப் போங்க."

சனிக்கிழமை மத்தியானம் ரம்புத்தான் பழப் பையோடு வந்தார். இளைத்திருந்தார். சபையில் மூப்பர் பொறுப்பிலிருந்து கொஞ்ச காலம் ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டார்களாம். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். மகள் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் வரைந்த படங்களை எல்லாம் காட்டினாள். இரண்டு பேரும் ரம்புத்தான் தோலைக் கோழிக்குஞ்சு மாதிரி அடுக்கிச் சிரித்தார்கள். எனக்கு மனசு லேசாகியது. மீன்குழம்பும் கங்கோங் கீரையும் வைத்திருந்தேன். எல்லாரும் மேசையில் உட்கார்ந்தோம்.

அப்பா வழக்கம்போல் கையைக் கூப்பினார். சாப்பாட்டுக்கு முன் சொல்கிற சின்ன ஜெபம், வேறொன்றுமில்லை. என் வீட்டுக்காரர் இந்துவாக இருந்தாலும் மாமனார் ஜெபித்து முடிக்கிறவரை சோற்றில் கை வைக்கமாட்டார். நானும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"வாம்மா, ஜெபம் பண்ணலாம்" என்றார் அப்பா.

மகள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். சுற்றிவந்து அப்பாவின் பக்கத்தில் தரையில் முழங்கால் போட்டாள். கால்விரல்கள் மடங்கின. கை கூப்பி, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"தாத்தா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அப்பாவின் கூப்பிய கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்ல எதுவும் பாக்கி இல்லை.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். குனிந்து, முழங்கால் வலியோடு, அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒண்ணுமே பண்ணல."

தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில் நின்றுகொண்டு கட்டுச்சோறு சாப்பிட்டபோதும், ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து ரொட்டி தின்றபோதும், ஜெபிக்காமல் அப்பா ஒரு வாய் வைத்ததை நான் பார்த்ததில்லை. கூப்பிய கையைப் பிரித்தார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், ஜெபிக்காமல், முதல் வாயை எடுத்துச் சாப்பிட்டார்.