அடுப்பை அணைத்த பால்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் என் பக்கத்து அறையில் குடியிருந்த தம்பதியர் பழைய கேரவன் ஒன்றை வாங்கியபோது, எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் அதை வீடு வாங்கிய செய்தியாகவே எடுத்துக்கொண்டோம். கணவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஏசி டெக்னீஷியன். மனைவி கைக்குழந்தையோடு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மூன்று குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஃபிளாட்டில் குழந்தை வாய்விட்டு அழுவதற்குக்கூட இடமில்லை. விடுமுறை நாட்களிலாவது மகள் தங்கள் கூரையின் கீழ் தூங்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. அதற்காகத்தான் இந்த வண்டி.

ஊருக்கு வெளியே, தெரிந்த அரபி ஒருவரின் தோட்டத்தில் அதை நிறுத்தியிருந்தார்கள். குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் பிற்பகலில் பால் காய்ச்ச என்னையும் அழைத்தார்கள். கட்டுமான நிறுவனம் ஒன்றில் தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால், கேஸையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார்கள்.

“சொந்த வீடுண்ணே! நாலு டயரோட,” என்றார் கணவர்.

“ஊருல வீடு கட்டுனா அஸ்திவாரம் போடுவாங்க. இவுக காத்தடிச்சு வச்சிருக்காக,” என்றார் மனைவி.

வெளிப்பெட்டியில் புரொப்பேன் சிலிண்டர் நிமிர்ந்து நின்றது. ரப்பர் குழாய் புதியது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். குமிழ் எதுவும் வரவில்லை. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். அது வழிந்து வெளியேறுவதற்காகவே கேரவனின் தரையில் கம்பி வலையிட்ட ஒரு துளை வைத்திருப்பார்கள். அது திறந்திருக்கிறதா என்று கேட்டேன். “அதெல்லாம் இருக்குண்ணே,” என்றார் கணவர். விரித்திருந்த பாயை நான் விலக்கிப் பார்க்கவில்லை.

அந்தப் பாயின் ஓரத்தில் குத்துவிளக்கு எரிந்தது. காற்றில் சுடர் அணைந்துவிடக் கூடாது என்று கதவையும் ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை உள்ளே நிறைந்திருந்தது. புது எவர்சில்வர் பாத்திரத்தில் பால் மெல்ல ஏறியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி, நான்கு புறமும் வழிந்து, அடுப்பை நனைத்தது.

“பொங்கிருச்சு! பொங்கிருச்சு!” என்று கணவர் கைதட்டினார். குழந்தையும் தட்டியது.

பால் தீயும் சத்தம் அடங்கியது. ஆனால் அதற்கு அடியில் ஒரு மெல்லிய சீறல் மட்டும் நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். பர்னரில் தீ இல்லை. அடுப்பின் திருகை மூடினேன்.

“கேஸ் வந்துருக்கு. லைட்டு, ஃபேன் எதையும் போடாதீங்க, சுவிட்சைத் தொடாதீங்க. நீ குழந்தையோட இறங்கும்மா.”

“விளக்கு எரியுதேண்ணே... நல்ல காரியத்துல அணைக்கலாமா?” என்றார் மனைவி.

கணவர் குத்துவிளக்கின் அருகே குனிந்தார். விளக்கில் சூட்டியிருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளிச் சுடரின் மேல் வைத்து அழுத்தினார். திரி அடங்கியது. மூவரும் குழந்தையோடு மணலில் இறங்கினோம். நான் சிலிண்டர் வால்வை மூடினேன். கதவு அகலத் திறந்து கிடந்தது.

வெகுநேரம் காற்றாட விட்ட பிறகு உள்ளே போய்ப் பாயை விலக்கினோம். தரைத் துளையில் பழைய லுங்கித் துணி இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

“மணலு ஏறுதுண்ணே,” என்றார் அவர், துணியைப் பிடுங்கியபடி. “புள்ள தவழுது, அள்ளி வாயில போட்டுக்கிது. டெய்லி ஏசி கேஸுலதான் எனக்கு டூட்டி. கீழதான் எறங்கும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அடைச்சேன்.”

அந்தத் துணியை அவரிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். மணலுக்காகத் துளையை அடைத்ததும், சுடருக்காகக் கதவைச் சாத்தியதும், மங்கலத்துக்காகப் பாலை வழியவிட்டதும் ஒரே குழந்தையை முன்னிட்டுத்தான். தனித்தனியே அவற்றில் ஒன்றும் எங்களை அச்சுறுத்தியிருக்காது. விபத்து விசாரணைகளில் நான் வழக்கமாகத் தேடுவது அலட்சியத்தை. அக்கறையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதை அன்று அந்தத் தரையில் பார்த்தேன்.

அந்தப் பெண் வாசற்படியில் நின்று பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவு குழந்தையைப் படுக்க வைக்க அவர் விரித்திருந்த பாய் அது.

“துணிய எடுத்தாச்சு. காத்தும் நல்லா வருது. இனிமே ஒண்ணும் இல்ல, நைட்டு இங்கயே படுப்போம்,” என்றார் கணவர்.

“வேண்டாங்க.”

“பால் பொங்குன வீட்ட விட்டுட்டு அன்னைக்கே கிளம்புறதா?”

“பொங்குனது போதும். எனக்குக் காலைல புள்ள எந்திரிக்கணும்.” பிறகு என்னிடம் திரும்பினார். “தீ அணைஞ்சா தானா கேஸ் நிக்கிற அடுப்பு இருக்காண்ணே?”

இருக்கிறது என்றேன். கேஸ் கசிந்தால் ஒலி எழுப்பும் கருவி உண்டு, அதைத் தரையை ஒட்டிப் பொருத்த வேண்டும் என்றும் சொன்னேன்.

“ரெண்டும் வரட்டும். அந்த ஓட்டைய மறைக்காம, மணலை நான் தெனமும் கூட்டிக்கிறேன். அப்புறம் வாரோம்.”

கணவர் வெளிப்பெட்டியருகே போனார். சிலிண்டர் வால்வை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மனைவியின் தோளில் தூங்கத் தொடங்கியிருந்த குழந்தைக்காகக் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார்.