அடியில் விட்ட இரண்டு வரி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சர்வர் அக்கா. வீட்டில் கொழுந்தனார் மட்டும், "என்ன அண்ணி, இன்னைக்கு எத்தனை டேபிள்?" என்று கிண்டல் செய்வார். பதினோரு வருடமாக அதே கிண்டல், மனிதருக்கு அலுக்கவே இல்லை.

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து இணையதளத்தில் போட்டு வைக்கிற நூலகம் அது. மூன்றாம் மாடியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் அக்காவின் மேசை. வாசகர் கேட்கிற புத்தகத்தின் அத்தியாயங்களை எல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஜிப் கோப்பாக அனுப்புகிற சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கென்று படித்து வந்தவர் இல்லை. முன்பு ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. எதை அடித்தாலும் முடிவில் இரண்டு முறை என்டரைத் தட்டி, இரண்டு வரி வெறுமனே விடுவார். "அடியில மூச்சு விட இடம் வேணாமா? இல்லேன்னா பார்க்கவே சகிக்காது" என்பார். மளிகைச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான்.

புகார் சொல்லிக் கூப்பிடுகிறவர்களுக்காக மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு வைத்திருந்தார். உங்கள் லைன் சரியில்லை, மறுபடி இறக்குங்கள், போனில் இடம் இருக்கிறதா பாருங்கள், வேண்டாததை அழியுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். அதனால் அந்தச் சீட்டு வேதவாக்காகிப் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டவர் ஒரு டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. இருபது வருடமாக ஒரே நாற்காலி, ஒரே ஹெட்போன். வெள்ளிக்கிழமை அவருக்குப் பதவி உயர்வுத் தேர்வு. இரண்டு முறை எழுதித் தோற்றாயிற்று. வயது வரம்பு முடிகிறது, இந்த முறையோடு சரி.

"அக்கா, அந்த விதிமுறைப் புத்தகம் இறங்குது, ஆனா திறக்க மாட்டேங்குது. ஃபைல் கெட்டுப்போயிருக்குன்னு போன் சொல்லுது."

அக்கா தன் கணினியிலிருந்தே சர்வருக்குள் போய் அந்தக் கோப்பைத் திறந்தார். ஜம்மென்று திறந்தது. "இங்க எல்லாம் நல்லாதான் இருக்கு தம்பி. உங்க லைன்தான். போன்ல இடமும் பத்தலையோ என்னவோ, வேண்டாததை அழிச்சிட்டு மறுபடி இறக்குங்க."

அன்று இருபது பேருக்கு மேல் அதே புகாரைச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் அதே பதில். சும்மா சொல்லக்கூடாது, ஒருவரிடமும் எரிந்து விழவில்லை. சிரித்த குரலில்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

புதன்கிழமை மதியம் ஆபரேட்டர் மறுபடி கூப்பிட்டார்.

"ஒன்பது தடவை இறக்கிட்டேன்க்கா. ஒன்பது தடவையும் ஒரே மாதிரி கெட்டுப்போகுது. லைன் கோளாறை இருபது வருஷமா காதால கேட்கறவன் நான். ஒரு தடவை கரகரங்கும், ஒரு தடவை பாதியில அறுந்துடும். ஒன்பது தடவையும் ஒரே மாதிரி வரவே வராது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. போனை வைத்த கையோடு, முதன்முறையாக ஒரு வாசகர் இறக்குகிற மாதிரியே வெளியிலிருந்து தன் போனில் இறக்கிப் பார்த்தார். திறக்கவில்லை! இரண்டு நாளாகப் பானையில் ருசி பார்த்துவிட்டு, தட்டில் என்ன விழுந்தது என்று பார்க்காமலே இருந்திருக்கிறார்.

சர்வரில் இருந்தது, போனில் இறங்கியது, இரண்டு கோப்புகளின் அளவும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தது. பிறகு ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுகிற மென்பொருளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இறங்கி வந்ததன் தலையில் ஒரு வெற்று வரி கூடுதலாக இருந்தது. வாலில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. இத்தனை எழுத்து வரும் என்று சர்வர் முன்கூட்டியே சொல்லிவிடும், அந்தக் கணக்கு நிறைந்ததும் வாங்குகிற பக்கம் கதவைச் சாத்திவிடும். முன்னால் ஒன்று நுழைந்ததால் பின்னால் ஒன்று வெளியே நின்றுவிட்டது.

நுழைந்தது எங்கிருந்து? பொட்டலத்தை அனுப்புமுன் சர்வர், பாஸ்வேர்டு மாதிரி விவரங்கள் இருக்கிற ஓர் அமைப்புக் கோப்பைப் படிக்கும். அதன் முடிவில் எது தொங்கிக்கொண்டிருந்தாலும் அதுவும் சேர்ந்து வெளியே போகும். அந்தக் கோப்பைக் கடைசியாகத் தொட்ட நேரம் திங்கள் காலை பத்து நாற்பது. வழக்கமாக அதைத் தொடுகிற ஒப்பந்தக்காரர் விடுப்பில் இருந்ததால், பாஸ்வேர்டை மாற்ற அன்று அக்காவேதான் அதைத் திறந்தார். ஒரு வரியை மாற்றினார். முடிவில், கை தன் பாட்டுக்கு, இரண்டு என்டர். முதலாவதை நிரல் விழுங்கிக்கொண்டது. இரண்டாவதோ, ஊரிலுள்ளவர்கள் இறக்கிய புத்தகங்களின் தலையில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது.

அழிக்க ஒரு நொடி ஆனது.

"சர்வர் கோளாறு சரி செய்யப்பட்டதுன்னு தளத்துல போட்டுடுங்க, போதும்" என்றார் மேனேஜர்.

"சர்வர் பாவம் சார், அது என்ன பண்ணுச்சு? நான் பண்ணினது" என்றார் அக்கா. கூப்பிட்டவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் அழைப்பு ஆபரேட்டருக்கு.

"தம்பி, லைன் இல்ல. தப்பு என்னுது. இப்போ சரி பண்ணிட்டேன், இறக்குங்க."

"நீங்க இடம் பண்ணச் சொன்னீங்களேக்கா, என் குரல்லயே நோட்ஸ் பேசி வெச்சிருந்தேன், எட்டு மாசமா. புத்தகம் வரப்போகுதே, இது எதுக்குன்னு அத்தனையும் அழிச்சிட்டேன்" என்றார்.

அக்கா மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை உருவி எடுத்தார்.

"வைங்கக்கா. பதினாறு மணி நேரப் புத்தகம். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்று அவரே போனை வைத்தார்.

ஆறு வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். குரலைக் கேட்டதுமே அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"நாலு மார்க்குல போச்சுக்கா" என்றார் ஆபரேட்டர். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "இனிமே பரீட்சைப் புத்தகம் வேணாம். நல்ல கதைப் புத்தகமா ஒண்ணு சொல்லுங்க."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தச் சீட்டு இப்போது இல்லை. அக்கா ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்தார். "லைன்லயே இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தன் போனில் இறக்கி, திறந்து, முதல் அத்தியாயத்தில் ஒரு நிமிடம் கேட்டார். கடைசி அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தையும் கேட்டார். ஆபரேட்டர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"எனக்குத் திறந்துடுச்சு. இப்போ நீங்க இறக்குங்க."

இரண்டு நிமிடம். பின்னணியில் யாரோ வாசிக்கிற குரல் மெல்ல எழுந்தது.

"வந்துடுச்சுக்கா" என்றார். "என் லைன் நல்லாதான் இருக்கு போல."