பத்து முப்பத்தொன்றுக்கு வாங்கிய ரோட்டரி கட்டர்

என் மனுசன் வேலையிலிருந்து நின்ற பிறகு பேச்சையும் நிற்பாட்டிவிட்டார். கோபத்தில் அல்ல. கோபமென்றால் எனக்குப் பழக்கம். முன்பெல்லாம் கார்க் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டால் போதும், அவர் போடும் சத்தம் மொன்றியலில் நாங்கள் இருக்கிற பியர்பொன்ட்ஸ் முழுக்கக் கேட்கும். கறிக்கு உப்புக் கூடினால் பேச்சு, பேஸ்மென்ட் லைட்டை நிற்பாட்ட மறந்தால் பேச்சு. முப்பது வருசமாக, கடவுளே இந்த மனுசனின் வாய் ஒருநாளாவது ஓயாதா என்று நேர்ந்துகொண்டவள் நான்.

ஓய்ந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெசின்களோடு நின்ற மனுசன், யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுக் கறி வைத்தேன். ஒரு சொல் இல்லை. சாப்பிட்டுவிட்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். அன்றைக்கு நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். வேலையில் இருந்த காலத்தில் ஆசை ஆசையாக வாங்கினார். கத்தரியும் பூசணியும் போடப் போவதாகவும், ஜான்-டலோன் மரக்கறிச் சந்தைக்காரர்கள் தன் வாசலில் வந்து நிற்பார்கள் என்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். காணியோடு ஒரு பழைய ட்ரக்டரும் வந்தது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டுக் குழந்தைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார். வேலை நின்றபின் காணிப் பக்கமே போகவில்லை. இரண்டு வருசத்தில் பற்றை என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது.

லவால் நகரில் இருக்கிற மகன் போனில் தீர்ப்புச் சொன்னான். “அம்மா, பக்கத்துப் பண்ணைக்காரன் நல்ல விலைக்குக் கேக்கிறான். இந்தக் கோடை முடியிறதுக்குள்ள அப்பா அதை வெட்டித் துப்பரவாக்கட்டும். இல்லாட்டி விப்பம். சும்மா காணி வரி கட்டிக்கொண்டிருக்கேலாது.” அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் காணியும் போய்விட்டால் இந்த மனுசனுக்கு அந்தக் கதிரை மட்டும்தான் மிச்சம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எப்பாடு பட்டாவது பற்றையை வெட்டுவிக்க வேண்டும்.

முதலில் ஒரு சிநேகிதரிடம் இரவல் வாங்கிய புல்வெட்டியைக் கொண்டுபோனோம். முதலாவது பற்றையிலேயே கத்தி வளைந்து, புகை கக்கிச் செத்துப்போனது. அப்போதுதான் இதற்கென்று ஒரு சாமான் இருப்பது தெரியவந்தது. ஹெவி டியூட்டி ரோட்டரி கட்டர். கவிழ்த்துவைத்த பெரிய இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும். ட்ரக்டருக்குப் பின்னால் கொளுவினால், ட்ரக்டரின் சுழல்தண்டு அதன் உள்ளே இருக்கிற தடித்த கத்திகளைச் சுழற்றும். புல்லென்ன, மணிக்கட்டுப் பருமன் மரமென்ன, எல்லாம் தூள்தான். மனுசன் யூடியூப்பில் அதைப் பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “இதுக்கு கியர்பொக்ஸ் பெரிசு,” என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் கேட்காமலே வந்த பேச்சு. கியர்பொக்ஸ் என்ற சொல் அவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

காணிக்குப் போகிற வழியில் ஒரு பண்ணை மெசின் விற்பனைக்காரரிடம் அந்த வகையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அடுத்தது இலையுதிர் காலத்தில்தான் வருமாம். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பார்கள். போவதென்று முடிவானது. உடனே மனுசன் தமிழ்க்கடை கலண்டரின் முன்னால் போய் நின்றார். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. “எட்டுக்கு வாசலிலை நிப்பம். எட்டரைக்குள்ள வாங்கி முடிச்சிடவேணும்,” என்றார்.

ராகு காலம் என்றால் அவருக்கு விளையாட்டில்லை. மகன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது, ராகு காலம் முடியுமட்டும் என்னையும் பச்சைக் குழந்தையையும் கீழ்மாடி வாசலில் இருத்தி வைத்தவர் இவர். எங்களைக் கூட்டிப்போக ஆள் இல்லையாக்கும் என்று நினைத்து ஒரு நேர்ஸ் டக்சிக்குப் போன் அடித்துவிட்டாள். அந்த டக்சிக்காரனையும் வாசலில் நிற்கவைத்துச் சண்டை பிடித்தார்.

ஆனால் மொன்றியலில் ராகுவை விட வல்லமையான கிரகம் ஒன்று இருக்கிறது. அதுதான் றோட்டில் வைக்கிற செம்மஞ்சள் கூம்பு. பாலத்துக்குப் போகிற பாதை பூட்டு. சுற்றிப் போகச் சொன்ன பாதையும் பூட்டு. கூம்புகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. மனுசன் காரை நிற்பாட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“இறங்குங்கோவன்,” என்றேன்.

“விசரே உனக்கு? ராகு காலம் தொடங்கியிட்டுது.”

“பாக்கிறதுக்கு என்னப்பா ராகு காலம்? பத்தரைக்குப் பேந்து வாங்குவம்.”

ஸ்டியரிங்கை விட்டார். “சரி, பாப்பம். ஆனால் பத்தரை ஆகுமட்டும் நான் ஓமெண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன். நீயும் வழக்கம்போல தலையை ஆட்டிக்கொண்டு நிக்காதை. ஆட்டினால் வாங்கினதாப் போயிடும்.”

விற்பனைக்காரர் மலை மாதிரி ஆள். பொன்ஜூர் சொல்லி, கையைக் குலுக்கி, நேரே கட்டரிடம் கூட்டிப் போனார். அப்பழுக்கில்லாத செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. அவர் பிரெஞ்சில் ஒவ்வொன்றாக விளக்கினார். தகடு எவ்வளவு தடிப்பு, கல்லில் கத்தி அடித்தால் உடையாமல் எப்படி மடங்கிக்கொள்ளும் என்றெல்லாம். என் மனுசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவில்லாமல் நின்றார். அந்த முகத்துக்குப் பின்னால் அவருக்கு வாயூறியது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தலையை ஆட்டாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கழுத்தே நோகத் தொடங்கிவிட்டது.

பாவம் அந்த ஆள், இவர் பேரம் பேசுவதில் பெரிய ஆள் என்று நினைத்துவிட்டார். மேலதிகமாக ஒரு சோடிக் கத்தி தருகிறேன் என்றார். மனுசன் வானத்தைப் பார்த்தார். கல்லுப் பறக்காமல் முன்னால் தொங்கவிடுகிற சங்கிலித் திரையும் இனாம் என்றார். மனுசன் மணிக்கூட்டைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் இவர் போகப்போகிறார் என்று பயந்து, காணிக்கே கொண்டுவந்து ட்ரக்டரில் கொளுவியும் தருவதாகச் சொன்னார். மனுசன் மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, உங்கள் கணவர் சரியான கடும்பிடிக்காரர், மதாம், என்றார். நான் சிரிக்கவும் இல்லை, ஆட்டவும் இல்லை.

அப்போதுதான் இன்னொருவர் வந்தார். றப்பர்ச் சப்பாத்துப் போட்ட வயதான விவசாயி. அங்கே இங்கே பார்க்காமல் நேரே எங்கள் கட்டரிடம் வந்து, குனிந்து கத்தியைத் தடவிப் பார்த்தார். என் மனுசனின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது.

“சொல்லுங்கோவன் வாங்கிறமெண்டு! அந்தாள் கொண்டுபோகப் போறான்!” என்று அவருடைய காதுக்குள் கத்தினேன்.

“பொறு. இன்னும் கால்மணித்தியாலம் கிடக்கு.”

“கால்மணித்தியாலத்திலை ராகு போயிடுவார், கட்டரும் போயிடும்!”

“வாயைப் பொத்தடியப்பா.”

விவசாயி அளவுநாடாவை எடுத்தார். உடனே என் மனுசன் அவருக்கும் கட்டருக்கும் நடுவே போய் நின்று, ஒவ்வொரு ஆணியாக இறுக்கிப் பார்க்கத் தொடங்கினார். அவர் இடப்பக்கம் போனால் இவரும் இடப்பக்கம். அவர் வலம் வந்தால் இவரும் வலம். கோயில் வீதியில் சாமி சுற்றுகிற மாதிரி இரண்டு கிழவரும் அந்த இரும்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் விவசாயி போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் புண்ணியவதிக்குச் சொல்ல நிறைய இருந்திருக்க வேண்டும். அவர் வி, வி என்று ஓம் போட்டபடி கேட்டுக்கொண்டே நின்றார். எங்கிருந்தாலும் அவள் நூறு வயது வாழட்டும்.

பத்தரை ஆனது. பாதுகாப்புக்கு இன்னும் ஒரு நிமிசம் விட்டார். பத்து முப்பத்தொன்றுக்கு என் மனுசன் இரண்டு கையையும் தூக்கி, எடுக்கிறேன், நான் எடுக்கிறேன் என்று பிரெஞ்சில் போட்ட சத்தத்தில் கடை வளவு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விவசாயி போனை நழுவவிட்டார். விற்பனைக்காரர் இவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

வீடு வருமட்டும் மனுசன் கதைத்தார். வலப்பக்கத்தில் கத்தரி, வேலியோரம் பூசணி, நடுவில் வெண்டி. நான் குறுக்கே ஒரு சொல் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த நாள் கோயிலில் கட்டரின் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யப் போனார். ராகு காலத்தை எப்படி வென்றேன் என்று ஐயரிடம் பெருமையடித்தார். ஐயர் விபூதித் தட்டை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“கலண்டரிலை இருக்கிறது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற கணக்கு. இஞ்சை இப்ப அஞ்சு மணிக்கே வெளிச்சிடுதெல்லோ? பகலும் நீளம், ராகு காலமும் நீளம். சனிக்கிழமை அது பதினொண்டுக்குக் கிட்ட வரைக்கும் இருந்திருக்கும்.”

மனுசனின் முகம் செத்துப்போனது. ஒன்றரை மணித்தியாலம் கல்லாக நின்று, ராகு காலத்துக்குள்ளேயே கைதூக்கி வாங்கியிருக்கிறார்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்லப் போய்க் காரியத்தைக் கெடுத்தேன். “அப்ப யோசிச்சுப் பாருங்கோ. வீடு வாங்கினது, கார் எடுத்தது எல்லாம் அந்தக் கலண்டரைப் பாத்துத்தானே? அதிலையும் பாதி ராகு காலத்திலைதான் நடந்திருக்கும். என்ன கெட்டுப்போச்சு?”

அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். “அதுதான் பேஸ்மென்ட்டுக்கை தண்ணி வந்தது,” என்றார். பிறகு, “அதுதான் காரிலை மான் அடிச்சது.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அங்கே நிற்கவில்லை.

சொன்னபடி கட்டர் காணிக்குப் போய், ட்ரக்டரில் கொளுவப்பட்டு நின்றது. மனுசன் அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். சுழலுகிற கத்தி, வேளைகெட்ட வேளையில் வாங்கியது, காலைக் கையைக் கொண்டுபோய்விடும் என்று பயம். மறுபடியும் கதிரை, யன்னல், தெரு. மகன் போன் எடுத்து, “அம்மா, அந்தப் பண்ணைக்காரனுக்கு என்ன சொல்ல?” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். ராகு என் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்குச் செருப்படி வாங்கியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை, “மழையிலை கட்டர் கறள் பிடிக்கப்போகுது, ஒருக்காப் போய்ப் பாத்து மூடிப்போட்டு வருவம்,” என்றேன். மெசின் துருவேறுவது என்றால் அவரால் தாங்க முடியாது. எழும்பி வந்தார். காணியில் ஒரு தார்ப்பாய் எடுக்க அவர் சாமான் கொட்டிலுக்குள் போன நேரம், நான் ட்ரக்டரில் ஏறினேன்.

நான் இருபது வருசம் உடுப்புத் தொழிற்சாலையில் தையல் மெசின் மிதித்தவள். மிதிக்கிறதெல்லாம் மிதிக்கிறதுதானே என்று ஒரு துணிச்சல். அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் பூட்டில் கிடந்த திறப்பைத் திருகினேன். புறுபுறுத்தது, பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த, கத்தியைச் சுழலவிடுகிற தடியையும் இழுத்துவிட்டேன். ஐயோ, அந்தச் சத்தம்! அடிவயிறு அதிர்ந்தது. ட்ரக்டர் ஒரு துள்ளுத் துள்ளிப் பற்றைக்குள் புகுந்தது. எனக்குப் பின்னால் மரங்கள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முருகா, முருகா என்று ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கொட்டிலுக்குள்ளிருந்து மனுசன் தலைதெறிக்க ஓடிவந்தார். “கிளச்சை மிதி! கிளச்சை மிதியடி! மற்றக் கால்! உனக்கென்ன விசரா பிடிச்சிருக்கு? தடியைத் தள்ளு! இறங்காதை, கத்தி நிக்குமட்டும் இறங்காதை!”

எப்படியோ நிற்பாட்டினேன். கத்தி ஓய்ந்ததும் என்னைக் கையில் பிடித்து இறக்கினார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், கால் கை எல்லாம் இருக்கிறதா என்று. பிறகு நான் வெட்டிய பாதையைப் பார்த்தார். அது குடிவெறிகாரன் நடந்துபோன வழி மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது.

“இதென்ன வெட்டு? ஆ? இப்பிடியே வெட்டுறது?” என்றார். “ஆராவது பாத்தால் சிரிப்பாங்கள். மெசினை அவிச்சுப்போட்டாய். எஞ்சினை அரை வேகத்திலை விட்டு ஆரும் மரம் வெட்டுவாங்களே? முப்பது வருசமாச் சொல்லுறன், தெரியாததிலை கை வைக்காதை எண்டு. சொன்னால் கேட்டால்தானே! கார்க் கதவு சாத்தத் தெரியாது, ட்ரக்டர் ஓடப்போறாவாம் ட்ரக்டர்!”

பேசிக்கொண்டே ஏறி இருந்தார். என் கோணல் வழியை நேராக்கப் போனவர் திரும்பி வரவில்லை. வேலி வரைக்கும் போய், திருப்பி, பக்கத்து வரியைப் பிடித்தார். என்னைக் கடந்தபோது கையை வீசி வீசி, தள்ளி நில்லடி, கல்லுப் பறக்கும், கண்ணைக் கொண்டுபோகப் போகுது என்று தொண்டை கிழியக் கத்தினார். அடுத்த வரியிலும் அதே ஏச்சு. பாதி, மெசின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டதே போதும் என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே தள்ளி நின்றேன்.