மூன்றாம் தட்டில் ரொசேர்

எங்கள் ஊரில் எடை பார்ப்பது ரகசியமான காரியம் இல்லை. சந்தைத் தெருவில் மருந்துக்கடை வாசலிலேயே அந்த உயரமான எடை மெஷின் நிற்கிறது. காசு போட்டால் சீட்டு துப்பும். ஏறியவர் சீட்டைப் படிப்பார், தெரு அவர் முகத்தைப் படிக்கும். சனிக்கிழமை காலையில் ரொசேர் அதில் ஏறினால், எதிர்க் காய்கறிக் கடையில் பேரம்கூட ஒரு நிமிடம் நின்றுபோகும்.

ரொசேர் சந்தையில் காட் மீன் கருவாடு விற்கிறவள். நாற்பத்தாறு வயது, நல்ல உயரம், அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அந்த வருடம் மார்ச் மாதம் எண்பத்தாறு கிலோ இருந்தாள். அதற்காக ஊரில் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. அவளுக்குத்தான் ஓர் ஆசை வந்துவிட்டது. செப்டம்பர் திருவிழாவில் மறுபடியும் மனிதக் கோபுரத்தில் ஏற வேண்டும்.

ஆள் தோள்மேல் ஆள் நின்று ஆறு தட்டு, ஏழு தட்டு என்று எழுப்புவதுதான் ஸ்பெயினில் எங்கள் தர்ரகோனாப் பக்கம் திருவிழா. மற்ற வாணவேடிக்கையெல்லாம் சும்மா. எல்லாருக்கும் மேலே ஒரு சின்னப் பிள்ளை ஏறி, ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிடும். பெண் பிள்ளைகளை இதில் சேர்ப்பதா என்று கிழவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊரில் முதன்முதலாக அந்த உச்சிக்குப் போன பெண் ரொசேர்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது. கீழே அவள் அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். முணுமுணுத்த கிழவர்களில் ஒருவர் அன்று சாயங்காலம் அவளுக்கு வறுத்த பாதாம் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாதாமின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்பாள்.

வளர வளர ஒவ்வொரு தட்டாகக் கீழே வருவதுதான் எங்கள் வழக்கம். பதினெட்டு வயதில் அவள் மூன்றாம் தட்டுக்கு வந்திருந்தாள். அவளைத் தாங்கியவள் ஃபினா, ஒரே வகுப்பில் படித்த தோழி. மூன்றாம் தட்டுக்காரர்கள் ஏறி நிமிர்ந்து நின்ற பிறகுதான் குழல்காரர்கள் ஊத ஆரம்பிப்பார்கள். வெறுங்காலுக்கடியில் ஃபினாவின் தோள், மூக்கில் அவள் தலையிலிருந்து வரும் சவுக்கார வாசனை, சதுக்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, குழல் எழும். அது தனக்காகத்தான் தொடங்குகிறது என்று ரொசேர் நினைத்துக்கொள்வாள். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தரைக்கு வந்துவிட்டாள். கோபுரத்தின் அடியில் நெருக்கியடித்து முட்டுக்கொடுக்கும் கூட்டத்தில் ஒருத்தி. அங்கே நிற்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. யாருடைய வியர்த்த முதுகிலோ கன்னத்தை அழுத்திக்கொண்டு, குழல் சத்தத்தை வைத்துத்தான் மேலே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். இருபது வருடங்களாக அப்படித்தான் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அழுகை வரும், வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொள்வாள்.

அந்த மார்ச்சில்தான் கோபுரக் குழுத் தலைவர் கஸ்பார் கருவாட்டுக் கடைக்கு வந்து பேச்செடுத்தார்.

"ஏம்மா, அந்தக் காலத்துப் பொண்ணுங்கல்லாம் சேந்து ஒரு ஆறு தட்டு போடலாம்னு இருக்கோம். உச்சிக்குச் சின்னதுங்க ஏறிக்கும். ஃபினா ரெண்டாம் தட்டுக்கு வரேன்னுட்டா."

"மூணாம் தட்டுக்கு?"

கஸ்பார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கருவாட்டைப் பார்ப்பதுபோல் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "எழுபத்திரண்டுக்கு வந்துடு. உன் எடம் உனக்குத்தான்."

அன்று ஆரம்பித்தது. அவள் கணவன் எலோய் சமைக்கும் உருளைக்கிழங்கையும் கொழுத்த தொத்திறைச்சியையும் ரொசேர் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் ஃபினாவோடு குன்றின் மேலிருக்கும் சின்னக் கோவில்வரை நடை. ஃபினா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கதவு மாதிரி தோள், இரக்கமில்லாத வாய்.

முதலில் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு மெஷின் விளையாட்டுக் காட்ட ஆரம்பித்தது. ஒரு வாரம் ஒரு கிலோ இறங்கும், மறுவாரம் முக்கால் கிலோ ஏறும். ஏறிய வாரங்களில் ரொசேருக்கு உலகமே வெறுத்துப்போகும். ஒருமுறை சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, நேரே மிட்டாய்க்கடைக்குப் போய், க்ரீம் வைத்த பன் இரண்டை நின்றவாக்கிலேயே தின்றாள். ஃபினா திட்டவில்லை. மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல் வாசலில் வந்து ஹாரன் அடித்தாள்.

"ரெண்டு பன்னு தின்னவ நாலு பன்னு நடக்கலாம். செருப்ப மாட்டு."

இப்படியே கோடை போயிற்று. கடைசி ஒத்திகைக்கு முந்திய சனிக்கிழமை, சீட்டில் எழுபத்தொன்றே முக்கால் வந்தது. காய்கறிக்காரி கை தட்டினாள். ரொசேர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் ஒரு கையைத் தூக்கிப் பார்த்தாள், ஏழு வயதில் தூக்கியதுபோல.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். ஒத்திகை நாள் காலையில் மறுபடி ஏறினாள். எழுபத்து மூன்றரை.

திரும்ப ஏறிப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். மெஷின் மசியவில்லை. கடைக்குப் போய் கஸ்பாருக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். மறுபடியும் அந்த முதுகுகளுக்கு நடுவில்தான் என்று நினைத்துக்கொண்டாள். கை மட்டும் வழக்கப்படி, சமைக்காமலே சாலட்டில் போடும் கருவாட்டை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஃபினா வந்து நின்றாள்.

"வரலைன்னியாமே?"

"எழுபத்து மூணரைடி. ஒரு வாரத்துல நான் என்ன, கல்லையா முழுங்கினேன்?"

"இப்ப வாயில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"மெல்லுற."

"இதுவா? இது கருவாடு."

"கருவாடு சாப்பாட்டுல சேத்தி இல்லையா?"

"உப்பு பாக்குறேண்டி. இது வேலை!"

சொன்ன பிறகுதான் ரொசேருக்கே உறைத்தது. அந்த வாரம் முழுவதும் திருவிழா வியாபாரம். காலையிலிருந்து மாலைவரை கிழிப்பதும், கிழித்ததில் ஒன்றை வாயில் போடுவதுமாக இருந்திருக்கிறாள். வாய் பார்த்த வேலையை வயிற்றுக் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ராத்திரியெல்லாம் தாகமெடுத்துக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததும் ஞாபகம் வந்தது.

உப்புப் போகக் கருவாடு ஊறிக்கொண்டிருந்த தொட்டியை ஃபினா காட்டினாள். "இத என்ன எடையில போட்ட?"

"ஒரு கிலோ."

"இப்ப?"

"ஒண்ணேகால் இருக்கும்."

"அந்த மீனு அதுக்குள்ள கொழுத்துடுச்சா?"

ஊறினால் எடை கூடும், மீன் அதே மீன்தான் என்று எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றச் சொன்னவள் ரொசேர். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும்.

"ஆனா கஸ்பார் ஒத்துக்கணுமே."

"மெஷின் மருந்துக்கடையோடது. தோள் என்னோடது. கஸ்பாருக்கு இதுல என்ன?"

சாயங்காலம் ஒத்திகைக் கூடத்தில் ரொசேர் தன் பழைய இடுப்புப் பட்டையை எடுத்து வந்தாள். நீளமான கறுப்புத் துணி. முதுகைத் தாங்குவதற்கும், மேலே ஏறுகிறவர் கால்விரலை ஊன்றுவதற்கும் அதுதான். ஃபினா ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொள்ள, ரொசேர் மறுமுனையை இடுப்பில் அழுத்தியபடி சுழன்று சுழன்று துணிக்குள் வந்தாள். பதினெட்டு வயதில் சுழன்ற அதே சுழற்சி, தலை லேசாகக் கிறங்கியது. மார்ச்சில் முயன்றபோது துணி தொப்புளுக்கு நேரே தீர்ந்துபோயிருந்தது. இப்போது தொப்புளைத் தாண்டி, முதுகையும் தாண்டி வந்து, இடது இடுப்பில் செருகிக்கொண்டது.

கஸ்பார் பார்த்துக்கொண்டே நின்றார். "எழுபத்து மூணரைன்னு மருந்துக்கடையில சொன்னாங்களே."

"அதுக்குள்ள உங்க காதுக்கு வந்துடுச்சா?" என்றாள் ரொசேர்.

"தலைவரே, சீட்டப் பாக்காதீங்க, துணியப் பாருங்க," என்றாள் ஃபினா. "தாங்கப்போறவ நான் சொல்றேன்."

கஸ்பார் துணியின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏத்துங்க, பாப்போம்," என்றார். ஏறினாள். நின்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வரிசையைப் பார்க்கப் போய்விட்டார்.

திருவிழா அன்று சதுக்கத்தில் ஊசி விழ இடமில்லை. ரொசேர் அடியில் முட்டுக்கொடுக்கும் கூட்டத்தின் தோள்கள்மேல் வெறுங்காலால் நடந்து போய், ஃபினாவின் பட்டையில் விரலை ஊன்றி, ஏறி, தோள்மேல் நிமிர்ந்தாள். மூக்கில் அதே சவுக்கார வாசனை. பக்கத்துத் தோள்களில் நின்றவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

குழல் தொடங்கியது.

சின்னப் பாதங்கள் அவள் முதுகைத் தொட்டு, தோளை மிதித்து, கழுத்தோரமாக மேலே போயின. அவள் கண்ணை மூடவில்லை. இருபது வருடம் பார்க்காததையெல்லாம் பார்த்தாள்: பால்கனிகள், சிவப்புத் துணிகள், மணிக்கூண்டு. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை.

கீழிருந்து ஃபினாவின் குரல் பல்லைக் கடித்தபடி வந்தது.

"கனமாத்தாண்டி இருக்க."

"தெரியும்."

"எறங்கிடாத. நில்லு."